காந்த வட்டுகளின் கதை – 7: ஐம்பதில் பதினாறு போனால்

1984 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட பிசி/ஏடி கணினியின் பக்கத்தில், எழுபதுகளில் வந்த ஷூகார்ட் எஸ்ஏ800 என்ற 8 அங்குல ஃப்ளாப்பி டிரைவை வைத்துப் பாருங்கள். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் தோன்றும். டிரைவ் ஏறக்குறைய 6 கிலோ எடை. மேஜைக் கணினியின் எந்தப் பொந்திலும் நுழையாது. அதன் பின்புறம் 50 முனைகள். கணினியிலிருந்து வரும் ரிப்பன் கேபிளில் 34 கம்பிகள்தான். அதன் மோட்டாருக்குச் சுவர் பிளக்கிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். இத்தனை வேறுபாடு இருந்தும், கம்பிகளை முறைப்படி இணைத்து, கணினியின் செட்டப்பில் 'ஏ டிரைவ், 1.2 எம்பி' என்று குறித்துவிட்டால் ஏடி அதைத் தன் சொந்த டிரைவாகவே நடத்தும். ஹெட்டை நகர்த்தும், படிக்கும், எழுதும்.

எட்டு அங்குல வட்டு எப்படிப் பிறந்தது என்று முந்தைய பகுதிகளில் பார்த்தோம். அதற்கு முற்றிலும் அந்நியமான ஒரு கணினியோடு அது ஏன் இவ்வளவு சுலபமாகப் பேசுகிறது என்பதுதான் இந்த வாரக் கதை. இதைத் தற்செயல் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பிசியின் ஃப்ளாப்பி இணைப்பு முழுவதுமே 8 அங்குல டிரைவிலிருந்து வெட்டி எடுத்ததுதான். முனை எண், சில்லு, சுழலும் வேகம் என்று எதை எடுத்தாலும் அந்த வெட்டுத் தடம் தெரிகிறது.

முன்கதையைச் சுருக்கமாக நினைவூட்டிவிடுகிறேன். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் இருந்த ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் 1967ல் தொடங்கிய வேலை இது. சிஸ்டம்/370 பெருங்கணினிகளை இயக்கும்போது அவற்றின் நுண்நிரலை ஏற்றிக் கொடுக்க மலிவான, தபாலில் அனுப்பக்கூடிய ஒரு சாதனம் வேண்டும் என்பதே நோக்கம். 1971ல் வந்த முதல் வட்டில் படிக்க மட்டுமே முடியும். கொள்ளளவு 80 கேபி. எழுதவும் படிக்கவும் முடிகிற வட்டு 1973ல் 3740 என்ற தரவுப் பதிவு இயந்திரத்தோடு வந்தது. 77 தடங்கள், தடத்துக்கு 26 செக்டர், செக்டருக்கு 128 பைட். துளையிட்ட அட்டையில் 80 எழுத்து. ஒரு அட்டையின் விவரம் ஒரு செக்டருக்குள் அடங்கிவிடும். தரவுக்கென்று ஒதுக்கிய 73 தடங்களில் 1,898 செக்டர்கள் வரும். அத்தனை அட்டைகளை ஒரே உறைக்குள் போட்டு எடுத்துப் போகலாம் என்றால் அலுவலகங்கள் ஏன் மாறாது?

அந்த ஆய்வுக்கூடத்தில் இந்தப் பணிக்குப் பொறுப்பாக இருந்த ஆலன் ஷூகார்ட் 1969ல் ஐபிஎம்மை விட்டு மெமொரெக்ஸுக்குப் போனார். 1973ல் தன் பெயரிலேயே ஷூகார்ட் அசோசியேட்ஸைத் தொடங்கினார். மறு ஆண்டே அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. ஆனால் நிறுவனம் நின்றது. எஸ்ஏ800 டிரைவும் அதன் 50 முனை இணைப்பும் ஊரறிந்த தரமாயின. மற்ற நிறுவனங்கள் தங்கள் 8 அங்குல டிரைவ்களை அதே முனை வரிசையில் செய்தன. தரநிர்ணய அமைப்பு எதுவும் கூடி முடிவு செய்ததல்ல இது. வாங்குகிறவர்கள் 'ஷூகார்ட்டுக்குப் பதிலாக மாட்ட முடியுமா' என்று கேட்டார்கள். விற்கிறவர்கள் அதற்கேற்பச் செய்தார்கள்.

ஷூகார்ட்டின் 8 அங்குல டிரைவ்தான் நுண்கணினிகளின் முதல் இயங்குதளமான சிபி/எம்மையும் சாத்தியமாக்கியது. அதை எழுதிய கேரி கில்டால், ஷூகார்ட் நிறுவனத்திடமிருந்து ஆயுள் சோதனையில் ஓடித் தேய்ந்த ஒரு டிரைவை வாங்கிக்கொண்டு போனார். அந்த டிரைவைக் கணினியோடு இணைக்கும் கன்ட்ரோலரைக் கட்ட அவரால் முடியவில்லை. நண்பர் ஜான் டொரோடே 1974ல் அதைக் கட்டி முடித்த பிறகே சிபி/எம் ஓடியது. வெவ்வேறு நிறுவனங்களின் சிபி/எம் கணினிகள் தங்களுக்குள் நிரல்களைப் பரிமாறிக்கொள்ளப் பொது வடிவமாக இருந்தது ஐபிஎம் 3740 வட்டின் அதே 77 தடம், 26 செக்டர், 128 பைட். எம்எஸ்-டாஸின் மூதாதையான 86-டாஸை டிம் பேட்டர்சன் 1980ல் எழுதியதும் 8 அங்குல டிரைவ் பூட்டிய கணினியில்தான்.

இப்போது எஸ்ஏ800ஐத் திருப்பி வைத்துப் பார்ப்போம். ஒரு பக்கம் முழுவதும் மின்சுற்றுப் பலகை. மறுபக்கம் ஒரு சிறு புல்லி, ஒரு பெரிய புல்லி, இரண்டையும் சுற்றி ஓடும் தட்டையான பெல்ட். சிறியது மோட்டாரில், பெரியது வட்டைச் சுழற்றும் தண்டில். மின்சாரம் கொடுத்த நொடியிலிருந்து மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தச் சொல்லக் கணினிக்கு வழியே கிடையாது. ஹெட் ஒரு திருகுத் தண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டெப்பர் மோட்டார் அந்தத் தண்டை 15 டிகிரி திருப்பினால் ஹெட் ஒரு தடம் நகரும். அதற்கு 8 மில்லிவினாடி ஆகும். வட்டு எப்போதும் சுழன்றுகொண்டிருப்பதால் ஹெட் எந்நேரமும் அதன் மேல் உரசினால் இரண்டும் தேய்ந்துபோகும். அதற்காக ஒரு மின்காந்தப் பிடி உண்டு. படிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் அது 'டக்' என்று இறங்கி, எதிர்ப்பக்கத்துப் பஞ்சு மெத்தை வட்டை ஹெட்டோடு அழுத்தும். வேலை முடிந்ததும் விலகிக்கொள்ளும். எட்டு அங்குல டிரைவ் இருந்த அறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த 'டக்' மறக்காது.

1976ல் ஷூகார்ட் நிறுவனம் எஸ்ஏ400ஐக் கொண்டுவந்தது. எட்டு அங்குல டிரைவ் பெரிது, விலையும் கட்டவில்லை என்று வாங் லேபாரட்டரீஸ் போன்ற வாடிக்கையாளர்கள் சொன்னதற்குப் பதில் அது. வட்டு 5.25 அங்குலம், தடங்கள் 35, வேகம் நிமிடத்துக்கு 300 சுற்று. வீட்டு மின்சாரத்தில் ஓடிய மோட்டார் போய் 12 வோல்ட் மோட்டார் வந்தது. தேவைப்படும்போது ஓடச் சொல்லலாம், நிறுத்தச் சொல்லலாம். இணைப்பில் 34 முனைகள்.

இந்த 34 எங்கிருந்து வந்தது? இரண்டு டிரைவ்களின் முனைப் பட்டியலையும் எதிரெதிரே வைத்தால் விடை கண்ணில் படுகிறது. இரண்டிலுமே ஒற்றைப்படை முனைகள் எல்லாம் தரைக் கம்பி; செய்தி போவது இரட்டைப்படையில் மட்டும். எட்டு அங்குல டிரைவில் ஹெட் எந்தத் திசையில் நகர வேண்டும் என்று சொல்லும் கம்பி 34ஆம் முனை. சிறிய டிரைவில் அது 18. 'ஒரு அடி நகர்' என்பது 36, சிறியதில் 20. எழுத வேண்டிய தரவு 38, சிறியதில் 22. எழுத அனுமதி 40, சிறியதில் 24. முதல் தடத்துக்கு வந்துவிட்டேன் என்று டிரைவ் சொல்லும் கம்பி 42, சிறியதில் 26. எழுதத் தடை 44, சிறியதில் 28. படித்த தரவு 46, சிறியதில் 30. ஏழு கம்பிகளும் ஒரே வரிசையில், ஒன்று தவறாமல் 16 எண் தள்ளி நிற்கின்றன.

டிரைவைத் தேர்ந்தெடுக்கும் கம்பிகளும் அப்படியே. பெரியதில் 26, 28, 30. சிறியதில் 10, 12, 14. நான்காவது தேர்வுக் கம்பிக்குரிய இடத்தில் மட்டும், புதிதாக வந்த 'மோட்டார் ஓடு' கட்டளையை உட்கார வைத்துவிட்டார்கள். ஐம்பது முனைகளில் முதல் பதினாறை வெட்டிவிட்டால் மிச்சம் முப்பத்துநான்கு. சிறிய டிரைவுக்குப் புதிதாக ஒரு இணைப்பைச் சிந்திக்காமல், பெரியதைச் சீவிச் சிறியதாக்கியிருக்கிறார்கள். நல்ல பொறியாளர்களின் வேலை இது. ஏற்கெனவே ஓடுகிற ஒன்றை அவசியமில்லாமல் கலைக்கக் கூடாது என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. ஐபிஎம் பிசிக்குள் பிற்பாடு போனதும் இந்த 34தான்.

1981ல் வந்த முதல் பிசியின் ஃப்ளாப்பி கார்டில் இருந்த சில்லு என்இசி நிறுவனத்தின் 765. அதன் கையேட்டைப் புரட்டினால், ஐபிஎம் 3740 வடிவத்தையும் சிஸ்டம்/34 வடிவத்தையும் படிக்கும் என்று எழுதியிருக்கும். இரண்டுமே 8 அங்குல வட்டு வடிவங்கள். அதாவது 5.25 அங்குல வட்டை மட்டும் வைத்து விற்ற கணினியின் உள்ளே, 8 அங்குல வட்டையும் மனதில் வைத்துச் செய்த சில்லு இருந்தது. அதற்கு 8 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு கொடுத்தால் பெரிய டிரைவின் வேகத்தில் வேலை செய்யும். 4 கொடுத்தால் சிறியதன் வேகத்தில். ஐபிஎம் முதல் பிசியில் சிறிய வேகத்தை மட்டும் கொடுத்தது: வினாடிக்கு இரண்டரை லட்சம் பிட். ஒரு பக்கம் மட்டும் பதியும் வட்டில் 40 தடம், 8 செக்டர், 512 பைட். பெருக்கிப் பார்த்தால் 1,63,840 பைட், அந்நாளைய பேச்சில் 160 கேபி. எட்டு அங்குல வட்டின் இரட்டை அடர்த்திப் பதிவுக்கு வினாடிக்கு ஐந்து லட்சம் பிட் தேவை. ஆகவே முதல் பிசியின் கார்டில் 8 அங்குல டிரைவை மாட்டினாலும் அதைச் சரிவரப் படிக்க முடியாது.

அந்தத் தடை 1984ல் விலகியது. பிசி/ஏடியோடு வந்த 1.2 எம்பி ஃப்ளாப்பி, தமிழ்நாட்டில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணினி வகுப்புக்குப் போனவர்கள் கையில் பிடித்த அதே கறுப்பு உறை வட்டுதான். உருவம் 5.25 அங்குலம். சுழலும் வேகமோ நிமிடத்துக்கு 300 அல்ல, 360. தரவு வேகம் வினாடிக்கு ஐந்து லட்சம் பிட். எஸ்ஏ800இன் வேகமும் நிமிடத்துக்கு 360 சுற்று. இரட்டை அடர்த்தியில் அதன் தரவு வேகமும் அதே ஐந்து லட்சம். வினாடிக்கு ஆறு சுற்று என்றால் ஒரு சுற்றில் 83,333 பிட், ஏறக்குறைய 10,416 பைட். கன்ட்ரோலரின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டு டிரைவுக்கும் வித்தியாசமே இல்லை. ஒன்றில் 77 தடம், மற்றதில் 80 தடம், அவ்வளவுதான்.

ஜப்பானில் இந்த உறவு இன்னும் வெளிப்படையானது. என்இசியின் பிசி-9801 குடும்பம் 1982ல் தொடங்கியது. அதில் 8 அங்குல வட்டு வடிவம் இருபக்கம், 77 தடம், 8 செக்டர், 1,024 பைட். மொத்தம் 12,61,568 பைட். அந்தக் குடும்பம் 5.25 அங்குலத்துக்கு இறங்கியபோது அதே எண்களைக் கூட்டிச் சென்றது. 3.5 அங்குலத்துக்கு இறங்கியபோதும் அதே எண்கள், அதே 360 சுற்று. உலகம் முழுக்க 3.5 அங்குல வட்டு 300 சுற்றில் ஓடும்போது ஜப்பானில் மட்டும் 360ம் தெரிந்த சிறப்பு டிரைவ்களை விற்க வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுவே. சட்டைப் பைக்குள் போகிற வட்டில் 8 அங்குல வட்டின் கணக்கு தொண்ணூறுகளிலும் உயிரோடு இருந்தது.

சரி, இணைப்பு வேலைக்கு வருவோம். முன்பு சொன்ன ஏழு கம்பிகளையும் 16 கூட்டி இணைத்தால் பெரும்பகுதி முடிந்தது. மிச்சமிருப்பவற்றில் கவனம் வேண்டும். வட்டு ஒரு சுற்று முடித்ததைச் சொல்லும் குறிப்பு பிசியில் 8, டிரைவில் 20. இருபக்க டிரைவாக இருந்தால் பக்கத்தைத் தேர்வு செய்யும் கம்பி பிசியில் 32, டிரைவில் 14. ஐபிஎம் கேபிளில் 10 முதல் 16 வரையுள்ள கம்பிகளை ஒரு முறுக்கு முறுக்கித்தான் ஏ டிரைவுக்குக் கொண்டுபோவார்கள். எனவே டிரைவின் ஜம்பரை இரண்டாவது தேர்வில் போட வேண்டும். கேபிளின் கடைசி டிரைவில் முடிவு மின்தடைகள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிசியின் 'மோட்டார் ஓடு' கம்பியை என்ன செய்வது? பெரிய டிரைவின் மோட்டாருக்கு அந்தக் கட்டளையால் பயனில்லை; அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் 16ஆம் முனையில் வரும் அந்தக் கம்பியைக் கொண்டுபோய் டிரைவின் 18ஆம் முனையில் கொடுத்தால், அது ஹெட்டை இறக்கும் கட்டளையாகிவிடும். பிசி மோட்டாரை ஓட்டச் சொல்லும்போதெல்லாம் ஹெட் 'டக்' என்று இறங்கும். நிறுத்தச் சொன்னால் எழும்பும். இரண்டு கட்டளைகளின் நோக்கமும் ஒன்றே, வட்டு வீணாகத் தேயக் கூடாது என்பது. இதை முதலில் யோசித்தவர் யாராக இருந்தாலும் கைகொடுக்க வேண்டும்.

வட்டை மாற்றியதைச் சொல்லும் கம்பி பிசியில் 34ஆம் முனை. பழைய டிரைவ் பலவற்றில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டால் ஒரு ஆபத்து இருக்கிறது. புது வட்டைப் போட்ட பிறகும் டாஸ் பழைய வட்டின் கோப்புப் பட்டியலையே காட்டும். அந்த நினைப்பிலேயே எழுதச் சொன்னால் புது வட்டின் உள்ளடக்கம் சின்னாபின்னமாகும். படிக்க மட்டும் செய்கிறவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது, எழுதும்போது மட்டும் வரும் சிக்கல். வட்டின் வெளித் தடம் நீளமானது, உள்தடம் குட்டையானது. இரண்டிலும் ஒரே அளவு பிட்டுகளை எழுதுவதால் உள்ளே போகப் போக நெருக்கடி. உள்தடத்திலும் அதே மின்னோட்டத்தில் எழுதினால் ஒரு பிட்டின் காந்தம் பக்கத்துப் பிட்டைத் தள்ளிவிடும். ஆகவே 43ஆம் தடத்தைத் தாண்டியதும் எழுதும் மின்னோட்டத்தைக் குறைக்கச் சொல்லி கன்ட்ரோலர் ஒரு கம்பியில் அறிவிக்க வேண்டும் என்று பல 8 அங்குல டிரைவ்கள் எதிர்பார்க்கின்றன. அந்தக் கம்பி 2ஆம் முனை. வேடிக்கை என்னவென்றால், 765 சில்லுக்கு இந்த அறிவிப்பும் தெரியும். அதன் ஒரு கால் எழுதும் நேரத்தில் இதைச் சொல்கிறது. ஐபிஎம் கார்டு அந்த அறிவிப்பை வெளியே கொண்டுவரவில்லை. அதனால் இன்று இந்த இணைப்பைச் செய்கிறவர்கள், ஹெட் எத்தனை அடி நகர்ந்தது என்று எண்ணிக்கொண்டே இருந்து 43 தாண்டியதும் அந்தக் கம்பியை இழுக்கும் சிறு மின்சுற்றை நடுவில் வைக்கிறார்கள். பழைய வட்டுகளைப் படிக்க மட்டும் இது தேவையில்லை.

மின்சாரம்தான் நம் நாட்டு வாசகர்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். எஸ்ஏ800க்கு +5, −5, +24 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். பழைய ஏடி கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸில் +5 உண்டு, −5ம் உண்டு. 24 வோல்ட் கிடையாது; அதற்குத் தனி எஸ்எம்பிஎஸ் வாங்கி, இரண்டின் தரைக் கம்பியையும் ஒன்றாக இணைக்க வேண்டும். இவை தவிர மோட்டாருக்குச் சுவர் மின்சாரம். அமெரிக்காவில் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

அமெரிக்காவிலிருந்து வந்த டிரைவுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைக் குறைத்தால் போதும் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த மோட்டாரின் வேகத்தை முடிவு செய்வது வோல்டேஜ் அல்ல, மின்சாரத்தின் அலைவெண். 60க்கு அளவெடுத்த புல்லியோடு 50ல் ஓட்டினால், 360 சுற்றுக்குப் பதில் 300 சுற்றுதான் வரும். டிரைவ் ஓடுகிற மாதிரியே ஓடும், ஹெட் இறங்கும், விளக்கு எரியும், ஆனால் ஒரு செக்டர்கூடப் படிக்காது. வினாடிக்கு ஐந்து லட்சம் வர வேண்டிய பிட் நாலு லட்சத்துச் சொச்சமாக வந்தால் கன்ட்ரோலர் என்ன செய்யும்? எஸ்ஏ800இன் கையேடு இதற்காகவே 50 ஹெர்ட்ஸுக்கென்று தனிப் புல்லியும் பெல்ட்டும் குறிப்பிடுகிறது. மோட்டாரின் வோல்டேஜும் பொருந்தியாக வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், டான்டன் டிஎம்848 போல முழுக்க நேர்மின்சாரத்தில் ஓடும் பிற்கால 8 அங்குல டிரைவைத் தேடலாம். அதில் சுவர் மின்சாரம் கிடையாது. 24ம் 5ம் போதும். பழைய வகையை ஓட்டுவதானால், பின்புறத்து மூன்று முனை மின் இணைப்பைத் திறந்த நிலையில் வைத்துக்கொண்டு எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம்.

கம்பி வேலை முடிந்த பிறகு டாஸ் எப்படி நடந்துகொள்ளும்? 1.2 எம்பி என்று நம்பி ஃபார்மட் செய்யத் தொடங்கினால் கடைசி மூன்று தடத்தில் முட்டிக்கொள்ளும். 77 தடம்தான் என்று டிரைவர்.சிஸ் வழியாகச் சொல்லலாம். பழைய வட்டுகளைப் படிக்க டாஸின் கட்டளைகள் பயன்படா. செக்டர் அளவு 128, 256, 1,024 என்று எதுவாகவும் இருக்கலாம். டாஸைத் தாண்டிக் கன்ட்ரோலரோடு நேரடியாகப் பேசும் இமேஜ்டிஸ்க் போன்ற நிரல்கள் இதற்கென்றே இருக்கின்றன. வட்டில் என்ன வடிவம் இருக்கிறது என்று தாமே கண்டுபிடித்து, முழு வட்டையும் ஒரே கோப்பாக நகலெடுத்துக் கொடுத்துவிடும்.

ஒரு சுவர் மட்டும் மிச்சம். 3740இன் பழைய ஒற்றை அடர்த்திப் பதிவு வேறு முறையில் எழுதியது. 765 சில்லுக்கு அது தெரியும். சில்லைச் சுற்றி ஐபிஎம் கட்டிய கார்டு அதை ஏற்காது. பிற்காலத்தில் வேறு நிறுவனங்கள் செய்த சில கன்ட்ரோலர்கள் ஏற்கும், பல ஏற்காது. கார்டு கார்டாகச் சோதித்துத்தான் அறிய முடியும். சிபி/எம் உலகத்தின் பொது வடிவமே ஒற்றை அடர்த்தி என்பதால் இந்தச் சோதனை தவிர்க்க முடியாத ஒன்று. இரட்டை அடர்த்தி வட்டுக்கு ஏடியின் கார்டே போதும்.

எழுதத் தடை பற்றி ஒரு எச்சரிக்கை. 5.25 அங்குல உறையில் பக்கவாட்டுப் பள்ளம் திறந்திருந்தால் எழுதலாம், ஒட்டினால் எழுத முடியாது. எட்டு அங்குலத்தில் இது நேர் எதிர். பள்ளம் திறந்திருந்தால் எழுத முடியாது. பள்ளமே இல்லாத உறையில் தாராளமாக எழுதலாம். சின்ன வட்டில் பழகிய கை பெரிய வட்டில் ஸ்டிக்கர் ஒட்டினால், காப்பாற்ற நினைத்த வட்டையே எழுதுவதற்குத் திறந்துவிட்டதாக ஆகும். அதனால் படிக்க மட்டும் டிரைவைப் பூட்டுகிறவர்கள் 40ஆம் முனைக் கம்பியை, எழுத அனுமதிக்கும் அந்த ஒன்றை மட்டும், இணைக்காமலேயே விட்டுவிடலாம். வேறெந்தப் பூட்டையும்விட அது உறுதியானது.

இவ்வளவு பாடுபட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க அணு ஆயுதப் படைகளுக்குக் கட்டளை அனுப்பும் அமைப்பு ஒன்று ஐபிஎம் சீரிஸ்/1 கணினியிலும் 8 அங்குல வட்டிலும் ஓடுகிறது என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2016ல் அறிக்கை தந்தது. அந்த வட்டுகளுக்கு 2019ல்தான் விடை கொடுத்தார்கள். எட்டு அங்குல வட்டு அவ்வளவு காலம் உழைத்தது.

உங்கள் அலுவலகத்தின் பழைய பொருள் அறையிலோ, ஓய்வுபெற்ற நிரலாளர் ஒருவரின் பரணிலோ 8 அங்குல வட்டுகள் கிடந்தால், பேப்பர்காரரிடம் எடை போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பூஞ்சை பூத்திருந்தால் டிரைவில் போட வேண்டாம். அழுக்கு ஹெட்டில் ஒட்டி அடுத்த வட்டையும் கீறும். வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். உறையின் மேல் எழுதியிருப்பதைப் படமெடுத்து வையுங்கள். பல சமயம் வட்டின் வடிவத்தைக் கண்டுபிடிக்க அந்தக் கையெழுத்து ஒன்றே துணை. அந்தக் கணினியில் வேலை பார்த்தவர் உயிரோடு இருந்தால், எந்த இயந்திரம், எந்த நிரல் என்று இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பகுதியில், இந்த 34க்கும் 50க்கும் கட்டுப்படாத ஒரு டிரைவைப் பார்ப்போம். ஸ்டீவ் வாஸ்னியாக் 1978ல் ஆப்பிளுக்காகச் செய்த டிஸ்க் II அது. இணைப்பில் முனைகள் 20தான். அதை எந்தப் பிசியின் ஃப்ளாப்பி கார்டிலும் மாட்ட முடியாது.

(தொடரும்)